மெர்வேக்காக அழுதோம், லெய்லாவை மறந்தோம்

1999 மே 2ஆம் திகதி அங்காராவில் துருக்கியின் புதிய பாராளுமன்றம் கூடியது. இஸ்தான்புல் வாக்காளர்கள் தெரிவுசெய்து அனுப்பிய மெர்வே கவாக்சி தலையை மறைத்தவராகச் சபைக்குள் வந்து அமர்ந்தார். உடனே எஜெவித்தின் கட்சி ஆசனங்களிலிருந்து "வெளியே, வெளியே" என்ற கூச்சல் கிளம்பியது. பிரதமர் பூலெந்த் எஜெவித் மேடையேறி, இந்தப் பெண்ணுக்கு அவருடைய எல்லையை உணர்த்துங்கள் என்றார். மெர்வே சத்தியப்பிரமாணம் செய்யாமலே வெளியேறினார். அதே மாதத்தில் அவரது பிரஜாவுரிமையும் பறிக்கப்பட்டது.

அந்தச் செய்தி எமது ஊர்களுக்கு வந்தபோது நாம் கொதித்தோம். நானும் ஒரு சிறு கூட்டத்தில் பேசினேன். மக்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவரைத் தலையிலுள்ள துணிக்காக வெளியே தள்ளும் சபைக்கு மக்கள் சபை என்று பெயர் வைக்க வெட்கமில்லையா என்று கேட்டேன். கூட்டம் நிறைந்த கைதட்டல் கிடைத்தது. அந்த வசனத்தில் எனக்கு இன்றும் ஆட்சேபனை கிடையாது. அன்று நான் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

அதே சபையில், எட்டு ஆண்டுகளுக்கு முன், 1991 நவம்பர் 6ஆம் திகதி இன்னொரு பெண் சத்தியப்பிரமாணம் செய்ய மேடையேறினார். தியர்பகிர் மக்கள் அனுப்பிய லெய்லா ஸானா. துருக்கியப் பாராளுமன்றத்தின் முதலாவது குர்திஷ் பெண். அவரது தலையிலும் ஒரு துணி இருந்தது: மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில் ஒரு பட்டி. துருக்கிய மொழியில் சத்தியத்தை முழுமையாக வாசித்து முடித்துவிட்டுத் தனது தாய்மொழியில் ஒரேயொரு வசனத்தைச் சேர்த்தார். துருக்கிய மக்களதும் குர்திஷ் மக்களதும் சகோதரத்துவத்துக்காக இச்சத்தியத்தைச் செய்கிறேன் என்பதே அதன் பொருள். சகோதரத்துவம் என்றுதான் சொன்னார், பிரிவினை என்றல்ல. ஆனால் சொன்ன மொழி குர்திஷ். சபை மேசைகளைத் தட்டிக் கொந்தளித்தது. 1994 மார்ச்சில் அவரும் அவரது தோழர்களும் சிறப்புரிமை நீக்கப்பட்டுக் கைதுசெய்யப்பட்டனர். அவ்வருடம் டிசம்பரில் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை. 2004 ஜூன் வரை, பத்து வருடங்கள், உள்ளே இருந்தார்.

அதற்கு எமது ஊர்களில் கூட்டம் நடந்ததா? எனக்கு நினைவில்லை. நடந்திருந்தால் நான் போகவில்லை.

குர்திஷ் இடதுசாரிகள்மீது எவரும் காதல் கொள்ள வேண்டும் என்று இக்கட்டுரை கேட்கவில்லை. எனக்கே அது கிடையாது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மெர்வேயின் கட்சியை நசுக்கிய சுத்தியலும் லெய்லாவின் கட்சியை நசுக்கிய சுத்தியலும் ஒன்றே. ஒரே அரசியலமைப்பு நீதிமன்றம், ஒரே சட்டம், ஒரே வகைக் குற்றப்பத்திரிகை. முதலாவதற்கு அழுதுவிட்டு இரண்டாவதற்கு "அது பயங்கரவாதப் பிரச்சினையல்லவா" என்று தோளைக் குலுக்குகிறவர், சுத்தியலை எதிர்க்கவில்லை. அது தன் ஆட்களின் கையில் இல்லையே என்றுதான் வருந்தினார்.

எம்மவர்கள் சொல்லும் முதல் நியாயம் துப்பாக்கி. அவர்கள் ஆயுதம் தூக்கினார்கள், ஆதலால் அரசு அடக்கியது என்பார்கள். திகதிகளைப் பார்ப்போம். குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி (பி.கே.கே.) லிஜேக்கு அருகே ஃபிஸ் என்ற கிராமத்தில் 1978 நவம்பரில் தொடங்கப்பட்டது. அரசுக்கெதிரான தனது யுத்தத்தை அது தொடங்கியது 1984 ஆகஸ்ட் 15ஆம் திகதி, எரூஹ், ஷெம்தின்லி என்ற இரு சிறு நகரங்களில். ஆனால் துருக்கியத் தொழிலாளர் கட்சி தடைசெய்யப்பட்டது 1971 ஜூலையில். 1965 தேர்தலில் 15 ஆசனங்கள் பெற்று, வாக்குப் பெட்டியை நம்பி வந்த சோஷலிஸக் கட்சி அது. 1970ஆம் ஆண்டின் மாநாட்டில் அது ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: துருக்கியின் கிழக்கே குர்திஷ் மக்கள் வாழ்கிறார்கள். அந்த வாக்கியத்துக்காகவே நீதிமன்றம் கட்சியை மூடியது. துப்பாக்கி வெடிக்கப் பதின்மூன்று வருடங்கள் இருந்தன.

இன்னும் பின்னால் போகலாம். 1959இல் தியர்பகிரில் வெளிவந்த ஒரு பத்திரிகையில் முஸா அந்தர் என்ற எழுத்தாளர் குர்திஷ் மொழியில் ஒரு கவிதையைப் பிரசுரித்தார். பயிரைத் தின்னும் ஒரு பூச்சியைப் பற்றிய கவிதை. நாடே அதிர்ந்தது. அவர்மீது வழக்கு. அவ்வருட இறுதியில் குர்திஷ் இளைஞர்களும் படித்தவர்களுமாக ஐம்பது பேரளவில் சிறையிலிடப்பட்டனர். அவர்களுள் அந்தரும் ஒருவர். அந்த வழக்குக்கு வரலாற்றில் "நாற்பத்தொன்பதின்மர்" என்றே பெயர். இலக்கியச் சஞ்சிகையொன்றின் வாசகர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை என நினைக்கிறேன். 1997 டிசம்பரில் சியிர்த் நகரில் ஒரு கவிதையை மேடையில் வாசித்ததற்காக ரஜப் தையிப் எர்துகான் தண்டிக்கப்பட்டு நான்கு மாதங்கள் சிறையிருந்தார். அந்தக் கவிதைக் கதையை எம்மில் எத்தனை பேர் மனப்பாடமாகச் சொல்வோம்! அந்தரின் கவிதைக் கதையைச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்?

முஸா அந்தர் 1992 செப்டெம்பர் 20ஆம் திகதி தியர்பகிரில் சுட்டுக்கொல்லப்பட்டார். எழுபதைத் தாண்டிய முதியவர், ஒரு கலை விழாவுக்காக ஊருக்கு வந்திருந்தவர். அக்கொலைக்குத் துருக்கி அரசு பொறுப்பு என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. உள்நாட்டு வழக்கோ முப்பது வருடங்கள் இழுபட்டு, 2022 செப்டெம்பரில் காலாவதியாகிவிட்டது என்று கைவிடப்பட்டது.

மொழியை ஒரு அரசு எவ்வளவு தூரம் அஞ்ச முடியும் என்பதற்குத் தியர்பகிர் இராணுவச் சிறைச்சாலையைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 1980 செப்டெம்பர் 12ஆம் திகதி இராணுவப் புரட்சிக்குப் பின் அங்கு அடைக்கப்பட்டோர் அனுபவித்த சித்திரவதைகளை நான் இங்கு விவரிக்கப் போவதில்லை, அவை பலரால் எழுதப்பட்டுவிட்டன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பார்வையாளர் அறையில் துருக்கிய மொழியில் மட்டுமே பேசலாம். கிராமங்களிலிருந்து வந்த தாய்மாருக்கோ குர்திஷைத் தவிர வேறு மொழி தெரியாது. மகனைப் பார்க்க ஒரு நாள் முழுதும் பயணம் செய்து வந்து, தடுப்புக்கு அப்பால் நின்று, வாய் திறவாமல் பார்த்துவிட்டுத் திரும்பிய தாய்மார் பலர். 1983இல் இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். குர்திஷில் எழுதுவதையும் வெளியிடுவதையும் தடைசெய்த அந்தச் சட்டம் 1991 வரை இருந்தது. அதன் பிறகும் எழுத்து விடுதலை பெறவில்லை. குர்திஷ் நெடுங்கணக்கிலுள்ள மூன்று எழுத்துக்கள் துருக்கிய நெடுங்கணக்கில் இல்லை. அவ்வெழுத்துக்கள் உள்ள பதாகைகளைப் பிடித்ததற்காக 2005இல் இருபது பேருக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. எழுத்துக்கு அபராதம்! அந்தத் தடை 2013இல்தான் விலகியது.

அந்தச் சிறையில் வதைபட்டவர்களுள் அஹ்மத் துர்க்கும் ஒருவர். பெயரே ஒரு கேலி: குர்தியரான அவரது குடும்பப் பெயர் "துருக்கியர்". இந்த முழு வரலாற்றையும் அந்த ஒரு மனிதரின் வாழ்வில் படிக்கலாம். 1942இல் பிறந்தவர். 1973இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் சென்றவர். துப்பாக்கி தூக்கியவரல்ல, மலைக்குப் போனவரல்ல. சிறையிலிருந்து வெளிவந்து துருக்கியச் சமூக ஜனநாயகவாதிகளின் கட்சியில் சேர்ந்து மீண்டும் சபைக்குப் போனார். 1989இல் குர்தியர் பற்றிப் பாரிஸில் நடந்த ஒரு மாநாட்டுக்குச் சென்றதற்காக அவரையும் வேறு ஆறு பேரையும் அக்கட்சி வெளியேற்றியது. எமக்கென ஒரு கட்சி வேண்டும் என்று 1990 ஜூனில் தொடங்கினார்கள். அதன் சுருக்கப் பெயர் ஹெப். மக்கள் உழைப்புக் கட்சி என்று பொருள். குர்திஷ் உரிமையையும் தொழிலாளர் உரிமையையும் ஒருசேரப் பேசிய இடதுசாரிக் கட்சி.

பிறகு நடந்தது ஏறக்குறைய வாய்ப்பாடு. ஹெப் 1993இல் மூடப்பட்டது. அதன் இடத்தில் தெப். அதன் பாராளுமன்ற உறுப்பினர் மெஹ்மத் சின்ஜார் 1993 செப்டெம்பரில் பத்மான் நகர வீதியில் கொல்லப்பட்டார். 1994இல் தெப்பும் மூடப்பட்டது. லெய்லாவும் தோழர்களும் சிறைக்கு. பிறகு ஹதெப், 2003 மார்ச் 13இல் மூடப்பட்டது. பிறகு தெஹாப், பிறகு தெதெபெ. 2009 டிசம்பரில் அதுவும் மூடப்பட்டு அஹ்மத் துர்க்கின் ஆசனம் பறிக்கப்பட்டது. பிறகு பெதெபெ, பிறகு ஹெதெபெ. ஒரு கட்சி மூடப்படுமுன்பே அடுத்ததைப் பதிவு செய்துவைக்கும் பழக்கம் வந்துவிட்டது. மழை ஒழுகும் வீட்டில் அடுத்த பாத்திரத்தை எடுத்து வைப்பது போல.

மூடாத கட்சியையும் உள்ளே விடவில்லை. நாடு முழுவதும் நூற்றுக்கு 10 வீத வாக்குப் பெறாத கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை என்ற விதியை இராணுவ ஆட்சி விட்டுச் சென்றிருந்தது. 2002 நவம்பர் தேர்தலில் தியர்பகிரில் பாதிக்கும் மேற்பட்டோர் தெஹாப்புக்கே வாக்களித்தனர். அம்மாகாணத்தின் பத்து ஆசனங்களும் வேறு இரு கட்சிகளுக்குப் போயின. அவற்றிலும் பெரும்பங்கு எர்துகானின் நீதிக்கும் அபிவிருத்திக்குமான கட்சிக்கு. அந்தத் தேர்தலில்தான் அக்கட்சி நாடளாவிய ரீதியில் 34 வீத வாக்குகளை வைத்துக்கொண்டு 550இல் 363 ஆசனங்களைப் பெற்றது. எம் பத்திரிகைகள் அதை இஸ்லாமிய எழுச்சியின் வெற்றி என்று எழுதின. கணக்கை யாரும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனது குற்றச்சாட்டு கூர்மையாகிறது. அர்பகானின் ரஃபாஹ் கட்சி 1998 ஜனவரியில் மூடப்பட்டது. மெர்வேயின் ஃபஸீலத் 2001 ஜூனில். நீதிக்கும் அபிவிருத்திக்குமான கட்சியே 2008 ஜூலையில் ஒரு வாக்கினால் தப்பியது: பதினொரு நீதிபதிகளில் மூடுவதற்கு ஏழு பேர் வேண்டும், ஆறு பேர் கை உயர்த்தினர். ஆக, அடியின் வலி எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2010இல் கட்சிகளை மூடுவதைக் கடினமாக்கும் திருத்தமொன்றை அவர்கள் கொண்டுவந்தது உண்மை. மூன்று வாக்குகளால் அது தோற்றது. அவர்களது சொந்த ஆட்களே சிலர் கைவிட்டார்கள். குர்திஷ் கட்சியும் கைகொடுக்கவில்லை. அது அக்கட்சியின் பெருந்தவறு என்றே நான் கருதுகிறேன். ஆனால் 2021 மார்ச்சில் ஹெதெபெயை மூட வேண்டும் என்று பிரதம வழக்குத் தொடுநர் அதே நீதிமன்றத்தின் கதவைத் தட்டியபோது ஆட்சியில் இருந்தவர்கள் யார்? கூட்டணிப் பங்காளி பகிரங்கமாக அதைக் கோரியபோது மௌனமாக இருந்தவர்கள் யார்?

இனி, துப்பாக்கிக்கே வருவோம். எமது வாசகர்களுக்குத் துப்பாக்கி ஏந்திய விடுதலைப் பேச்சின்மீதுள்ள அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து ஒரு சமூகமே வெளியேற்றப்பட்டதைக் கண்டவர்கள் நாம். அந்த அவநம்பிக்கையை நான் மதிக்கிறேன். அதனாலேயே பி.கே.கே.யின் கணக்கையும் மறைக்கப் போவதில்லை. 1987 ஜூனில் பினார்ஜிக் என்ற கிராமத்தில் அரசின் ஊர்காவல் படையைச் சேர்ந்தோரின் குடும்பங்கள்மீது நடத்திய தாக்குதலில் முப்பது பேர் இறந்தனர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்களும் குர்தியரே. கிராமப் பள்ளிக்கூட ஆசிரியர்களைக் கொன்றார்கள். 1993இல் யுத்த நிறுத்தம் நிலவிய வேளையில் பிங்கோலில் ஆயுதமின்றிப் பயணம் செய்த 33 இராணுவத்தினரைக் கொன்று அந்த நிறுத்தத்தைக் குழியில் புதைத்தார்கள். தியர்பகிர்ச் சிறையில் எதிர்த்து நின்ற தமது ஆரம்பகாலத் தோழர் மெஹ்மத் ஷெனர், தலைவர் ஒஜலானோடு முரண்பட்டபின் 1991இல் சிரியாவின் காமிஷ்லியில் கொல்லப்பட்டார். ஹதெப்பின் உப தலைவராக இருந்த ஹிக்மத் ஃபிதான், பிரிந்து சென்றோருடன் சேர்ந்தபின் 2005 ஜூலையில் தியர்பகிரில் சுட்டுக்கொல்லப்பட்டார். பழி இயக்கத்தின்மீதே விழுந்தது. ஒரு தலைவரின் படத்தை வழிபாட்டுப் பொருளாக்கும் இயக்கத்துக்கு இடதுசாரி என்ற பெயர் எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற கேள்வியும் எனக்குண்டு.

ஆனால் இக்கணக்கின் அடுத்த பக்கத்தையும் திருப்புங்கள். துருக்கியப் பாராளுமன்றத்தின் சொந்தக் குழுவே 1998இல் எழுதியது: 3,428 கிராமங்களும் சிறு குடியிருப்புகளும் காலிசெய்யப்பட்டன, சுமார் 378,000 பேர் இடம்பெயர்ந்தனர். இது அரசு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை. அந்த மக்கள் துப்பாக்கி தூக்கியவர்களல்லர். பெரும்பாலோர் எம்மைப் போலவே ஐவேளை தொழுகிறவர்கள்.

ஆம், தொழுகிறவர்கள். ஏனெனில் அடுத்த நியாயம் வருகிறது: அவர்கள் நாஸ்திக மார்க்ஸியவாதிகள், உம்மத்தின் ஒற்றுமையைக் கெடுப்பவர்கள். இதைச் சொல்வோர் 2011ஆம் ஆண்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். துருக்கியில் இமாம்கள் அரச ஊழியர்கள், குத்பாவை அங்காராவிலுள்ள திணைக்களம் வழிநடத்துகிறது. அவ்வருடம் குர்திஷ் நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் அரச பள்ளிவாசல்களைத் தவிர்த்து, சதுக்கங்களில் பாய் விரித்து, தமது மொழியில் குத்பா கேட்டு ஜும்ஆத் தொழுதார்கள். "குடிமக்கள் ஜும்ஆ" என்று அதற்குப் பெயர். அதற்கு ஆதரவு தந்து அழைப்பு விடுத்தது அந்த "நாஸ்திக" இடதுசாரிக் கட்சிதான். அரசோ அத்தொழுகையைப் பிரிவினை என்றது. பிறகு 2015 தேர்தல் மேடைகளில் எர்துகானே குர்திஷ் மொழியில் பெயர்க்கப்பட்ட அல்குர்ஆனைத் தூக்கிக் காட்டினார். அந்த மொழிபெயர்ப்பு நல்ல காரியம். ஆனால் மொழி வாக்குக் கேட்கும்போது ஹலால், வாக்குப் பெற்றவர் பேசும்போது ஹராம் என்பது எந்த மத்ஹபின் தீர்ப்பு?

ஸலாஹுத்தீன் ஐயூபி குர்தியர் என்று நாம் மேடைகளில் பெருமையாகச் சொல்வதுண்டு. பதீஉஸ்ஸமான் ஸஈத் நூர்ஸியும் குர்தியரே. இறந்த குர்தியர்மீது எமக்குள்ள அன்பு அளவற்றது. ஸலாஹுத்தீன் என்ற பெயரையே சுமக்கும் உயிருள்ள ஒருவர் இருக்கிறார், செலாஹத்தின் தெமிர்தாஷ். மனித உரிமைச் சட்டத்தரணியாக இருந்து ஹெதெபெயின் இணைத் தலைவரானவர். 2015 ஜூன் 7ஆம் திகதி அவரது கட்சி 13 வீத வாக்குகளோடு அந்த 10 வீதச் சுவரைத் தாண்டி 80 ஆசனங்களைப் பெற்றது. குர்தியர் மட்டுமல்ல, துருக்கிய சோஷலிஸவாதிகள், ஆர்மேனியர், அலவிகள், ஹிஜாப் அணிந்த முஸ்லிம் பெண்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தனர். தெமிர்தாஷுடன் இணைத் தலைவராக இருந்த ஃபிகென் யுக்செக்தாக் குர்தியரே அல்ல, துருக்கியர். 2002க்குப் பின் முதன்முறையாக ஆளுங்கட்சி பெரும்பான்மையை இழந்தது. இதுவே அவர்களது மன்னிக்கப்படாத குற்றம் என்பது எனது அபிப்பிராயம்.

அதன் பின்னான மாதங்களை எழுதக் கை கூசுகிறது. இரண்டு வருடங்களாக நடந்த சமாதானப் பேச்சு ஜூலையில் முறிந்தது. குர்திஷ் இளைஞர்கள் ஜிஸ்ரே, சூர், நுஸைபின் நகர்களின் குடியிருப்புகளுக்குள் பதுங்குகுழி வெட்டினார்கள். மக்கள் நடுவே யுத்தத்தைக் கொண்டுவந்த அந்த முடிவு பைத்தியக்காரத்தனமானது. எண்பது ஆசனம் தந்த மக்களை அது கேட்கவில்லை. கட்சியும் உரத்துத் தடுக்கவில்லை. அரசு ஊரடங்கு போட்டு டாங்கிகளால் பதில் சொன்னது. நவம்பர் 28ஆம் திகதி தியர்பகிர்ச் சட்டத்தரணிகள் சங்கத் தலைவர் தாஹிர் எல்ச்சி, சூர் பகுதியின் பழைய நான்கு கால் மினாராவின் அடியில் நின்று, இந்த இடத்தில் துப்பாக்கியும் மோதலும் வேண்டாம் என்று ஊடகங்களுக்குச் சொன்னார். சில நிமிடங்களில் அந்த மினாராவின் அருகிலேயே தலையில் சூடுபட்டு இறந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட மூன்று பொலிஸாரும் 2024 ஜூனில் விடுவிக்கப்பட்டனர். இரு தரப்பிலும் துப்பாக்கியை வேண்டாம் என்றவரின் கதி அது.

2016 மே மாதம் பாராளுமன்றம் 376 வாக்குகளால் உறுப்பினர்களின் சிறப்புரிமையை நீக்கியது. எதிர்க்கட்சித் தலைவர், இது அரசியலமைப்புக்கு முரணானது, ஆனாலும் ஆம் என்று வாக்களிப்போம் என்றார். இப்படியொரு வசனத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நவம்பர் 4ஆம் திகதி தெமிர்தாஷும் யுக்செக்தாக்கும் கைது. 2020 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வு அவரை உடனே விடுதலை செய்யச் சொன்னது. அரசு கேட்கவில்லை. 2024 மே மாதம் அவருக்கு 42 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. எதிர்ன் நகரச் சிறையிலிருந்து அவர் சிறுகதைகள் எழுதினார். "செஹர்", அதாவது விடியல், என்ற தொகுப்பு 2017இல் வெளிவந்து ஏராளமாக விற்றது. துருக்கிய மொழியில்தான் எழுதினார். பிரிவினைவாதி!

சர்வதேச சதி, அமெரிக்கக் கைக்கூலி என்ற நியாயத்தில் நான் நேரம் செலவழிக்க மாட்டேன். பி.கே.கே.யைப் பயங்கரவாதப் பட்டியலில் 1997இல் சேர்த்ததும் அமெரிக்காதான், 1999இல் ஒஜலானைப் பிடிக்க உதவியதும் அமெரிக்காதான், 2014க்குப் பின் சிரியாவில் அதன் சகோதர அமைப்போடு கைகோத்ததும் அதே அமெரிக்காதான். வல்லரசு தன் தேவைக்குப் பிடித்த கையைக் காட்டி ஒரு மக்களின் தாய்மொழியை மறுக்க முடியாது.

கடைசியில் துப்பாக்கியும் போய்விட்டது. 2025 பெப்ரவரி 27ஆம் திகதி, இம்ராலித் தீவுச் சிறையிலிருந்து ஒஜலான் தன் இயக்கத்தைக் கலைத்துவிடுமாறு எழுதியனுப்பிய அழைப்பு இஸ்தான்புல்லில் வாசிக்கப்பட்டது. மே மாதம் 12ஆம் திகதி கலைப்பு அறிவிக்கப்பட்டது. ஜூலை 11ஆம் திகதி ஈராக்கின் சுலைமானியாவுக்கு அருகே பெண்களும் ஆண்களுமாக முப்பது பேர் தம் துப்பாக்கிகளை ஒரு பெரிய கொப்பரையில் அடுக்கித் தீயிட்டனர். நாற்பது வருடங்களில் நாற்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோன யுத்தம் அது. "முதலில் ஆயுதத்தைப் போடு, பிறகு பேசு" என்றவர்களின் நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆகவே இனி அவர்கள் பேச வேண்டிய முறை.

என்ன பேசுவார்கள் என்பதற்கு மார்தின் நகரமே எனக்கு உரைகல். அஹ்மத் துர்க் 2014இல் அந்நகரின் மேயராகத் தெரிவானார். 2016இல் அரசு அவரை நீக்கிவிட்டுத் தன் அதிகாரியை அமர்த்தியது. 2019 மார்ச்சில் மக்கள் மீண்டும் அவரையே தெரிவுசெய்தனர். ஓகஸ்டில் நீக்கினார்கள். 2024 மார்ச்சில் மூன்றாம் முறை தெரிவானார். நவம்பர் 4ஆம் திகதி மூன்றாம் முறையும் நீக்கினார்கள். ஆளுங்கூட்டணியின் தலைவர்களுள் ஒருவர் சமாதானத்துக்கு அழைப்பு விடுத்து அப்போது பதின்மூன்று நாட்களே ஆகியிருந்தன. பெப்ரவரியில் வான் நகர மேயருக்கும் அதே கதி.

மெர்வே கவாக்சியின் பிரஜாவுரிமை 2017இல் திரும்பக் கிடைத்தது. அவ்வருடமே அவர் மலேசியாவுக்கான துருக்கித் தூதுவராக நியமிக்கப்பட்டார். அநீதிக்குப் பரிகாரம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. லெய்லா ஸானா 2015 நவம்பரில் மீண்டும் அந்த மேடையேறினார். குர்திஷில் ஒரு வசனம் சொல்லிவிட்டு, சத்தியத்தில் "துருக்கியத் தேசம்" என்ற இடத்தில் "துருக்கி நாட்டின் தேசம்" என்று வாசித்தார். சத்தியம் செல்லாது என்றார்கள். 2018 ஜனவரியில், சபைக்கு வரவில்லை என்ற காரணம் காட்டி, அவரது ஆசனத்தைப் பறித்தார்கள். இரு பெண்களையும் அனுப்பியவர்கள் வாக்காளர்கள்தாம். ஒருவர் மட்டும் தூதுவரானார்.

அந்த பெப்ரவரி 27ஆம் திகதி, ஆயுதத்தைக் கைவிடுமாறு கோரிய கடிதத்தைக் குர்திஷ் மொழியில் வாசித்தவர் யார் தெரியுமா? அஹ்மத் துர்க். தியர்பகிர்ச் சிறையில் அம்மொழி தடைசெய்யப்பட்டிருந்த அறைகளில் இருந்தவர், பதவியிலிருந்து மூன்றாம் முறை நீக்கப்பட்டு நான்கு மாதங்கள்கூட ஆகாதவர், எண்பதைத் தாண்டிய வயதில், காகிதத்தைக் கையில் பிடித்து வாசித்து முடித்தார். மார்தினின் அடுத்த தேர்தல் 2029 மார்ச்சில்.